முதலாளியம்மா பேரில் இருந்த டேட்டாபேஸ்

அன்று காலை பதினொன்றரை மணிக்கு நான் என் வேலையை மிகச் சரியாகச் செய்து முடித்தேன். அதனால்தான் எல்லாம் நின்றுபோனது.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் கம்ப்யூட்டர் ஆள். விசிட்டிங் கார்டில் இரண்டு வரிக்கு வேறு என்னவோ போட்டிருக்கும். எல்லோரும் கூப்பிடுவது 'சிஸ்டம் சார்'. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் சிஸ்டம் சார். வாட்டர் டேங்க் நிரம்பி வழிந்தாலும் சிஸ்டம் சார்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன், சர்க்கரை கொஞ்சம் உண்டு. ஊழியர் சலுகையில் இங்கேயே இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை இருக்கிறது. பெரிய மெஷின்கள் எதுவும் அங்கே கிடையாது. ரத்தம் எடுப்பார்கள், ஐஸ் பெட்டியில் வைப்பார்கள், விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். இங்கே நாங்கள் வாங்கி மெஷினில் ஏற்றுவோம். முன்பெல்லாம் ரிசல்ட்டும் பழுப்புக் கவரில் அதே போல் பஸ்ஸிலேயே திரும்பிப் போகும். அந்தக் கவரை ஒழித்தவன் நான். இப்போது விழுப்புரத்து மெஷின் ஒரு முடிவை டேட்டாபேஸில் எழுதினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே வரி திண்டிவனத்துக் கம்ப்யூட்டரிலும் நகலாகி உட்கார்ந்துகொள்ளும். அங்கே கவுன்டரில் இருக்கும் பெண் அச்சடித்துக் கொடுப்பார். இதற்குப் பெயர் ரெப்ளிகேஷன். இது புரியாதவர்களிடம் சொல்லும்போது நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். மரியாதை கூடும்.

வாட்ஸப்பில் அனுப்பினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள இரண்டு பேருடைய ரிசல்ட் ஒருமுறை வாட்ஸப்பில் இடம் மாறிப் போய், எழுபது வயதுக்காரர் ஒருவருக்குக் கர்ப்பம் உறுதி என்று சேதி போனது. அன்றோடு முதலாளி வாட்ஸப்பைத் தடை செய்தார். நான் ஒரு படி மேலே போனேன். திண்டிவனத்து நோயாளியின் ரிசல்ட்டை விழுப்புரத்தில் யாரும் அச்சடிக்கவே முடியாதபடி பூட்டு போட்டேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை இன்றும் பீரோவில் இருக்கிறது. பூட்டும் இருக்கிறது.

இனி முதலாளியின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் எதையும் தன் பெயரில் வைத்துக்கொள்ள மாட்டார். நிலம், கட்டடம், கார், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அம்மா பேரில், அதாவது அவர் மனைவி பேரில். அவர் பெயரில் வைத்தால் தங்காது என்று எப்போதோ ஒரு ஜோசியர் சொன்னாராம். திண்டிவனத்தில் புது கம்ப்யூட்டர் வைத்த சமயத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், உள்ள ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு ஓனர் வேணும்" என்றேன். ஓனர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை.

"அம்மா பேர்ல போட்ருப்பா."

போட்டேன். பதினாறு பதிவேடுகள், பதினாறும் அம்மா பேரில். அத்தனைக்கும் மேலே நிற்கும் தலைமை லாகினும் அம்மா பேரில். திறப்பு விழாவன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மா குத்துவிளக்கு ஏற்றினார். அதே கையோடு முதல் பாஸ்வேர்டையும் அம்மாவே அடிக்கட்டும் என்றார் முதலாளி. அம்மா உட்கார்ந்தார், இரண்டு நிமிஷம் திரையைப் பார்த்தார், அடித்தார். விதிமுறைப்படி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று நான் கடைப்பிடித்த ஒரே விதிமுறை அது.

பிறகு நகலெடுக்கும் வேலைக்காக, அம்மாவுடையதற்குச் சமமான முழு அதிகாரத்தோடு இன்னொரு லாகின் உண்டாக்கிக்கொண்டேன். அதற்கு 'எடுபிடி' என்று பெயர் வைத்தேன். விழுப்புரத்திலிருந்து வரும் ஒவ்வொரு வரியையும் வாங்கித் திண்டிவனத்துப் பதிவேட்டில் எழுதுவது எடுபிடி. எழுதும்போது அது தன் பெயரில் எழுதாது. பதிவேட்டின் ஓனர் யாரோ, அவராக மாறி நின்று எழுதும். வரிதான் ஊர் விட்டு ஊர் போகும். யாருடையது, யார் தொடலாம் என்பதெல்லாம் கூடப் போகாது. அதை அந்தந்த ஊரில் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லிவைக்கவில்லை. எடுபிடிக்குத்தான் எல்லா அதிகாரமும் இருந்ததே, யாராக வேண்டுமானாலும் நிற்கலாமே. இரண்டு வருஷம் பிரச்சினையில்லாமல் அம்மாவாக நின்றது.

அன்று காலை டீக்கடையில் போனில் ஒரு கட்டுரை படித்தேன். நகலெடுக்கும் லாகினுக்கு முழு அதிகாரம் கொடுப்பது வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவது மாதிரி என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நேராக வந்து ஒரே வரியில் எடுபிடியின் அதிகாரத்தைப் பிடுங்கினேன். 'நிச்சயமாகவா?' என்று அது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செய்தாயிற்று என்றது. பாதுகாப்பான மனிதனாக ஒரு டீ குடித்தேன். அது அன்றைக்கு நாலாவது.

பதினொன்றே முக்காலுக்குத் திண்டிவனத்துக் கவுன்டர் பெண் போன் செய்தார்.

"சார், காலையில அனுப்பின ஒரு சாம்பிளோட ரிசல்ட்டு இன்னும் வரல. அர்ஜென்ட்டு சார். பித்தப்பை ஆபரேஷன். ரத்தம் உறையிற டெஸ்ட்டு பாக்காம மயக்க மருந்து குடுக்க மாட்டேங்கிறாங்களாம்."

"வந்துடும்மா. மெஷின்ல ஓடிக்கினு இருக்கும்."

"மெஷின்ல முடிஞ்சிடுச்சாம் சார். அங்க லேப்ல கேட்டுட்டுத்தான் உங்களுக்குப் பண்றேன்."

திரையைத் திறந்து பார்த்தேன். விழுப்புரத்தில் ரிசல்ட் இருந்தது. திண்டிவனத்தில் இல்லை. நடுவில் எடுபிடி ஐந்து நொடிக்கு ஒரு முறை ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: எடுபிடி அம்மாவாக நிற்க முடியாது.

தீர்வும் ஒரே வரிதான். அம்மாவாக நிற்க எடுபிடிக்கு அனுமதி உண்டு என்று எழுத வேண்டும். அதை எழுதத் தலைமை லாகின் வேண்டும். தலைமைக்குச் சமமாக என்னிடம் இருந்த ஒரே லாகினை கால் மணி நேரத்துக்கு முன்னால் நானே எளியவனாக்கியிருந்தேன். மிச்சமிருந்தது அம்மாவுடையது. அதன் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் அம்மா.

கவுன்டர் பெண்ணின் போனை யாரோ வாங்கினார்கள்.

"சார், ஆபரேஷனுக்குக் கெடக்கறாளே, அவ வீட்டுக்காரன் பேசறேன். கம்ப்யூட்டரு ஏதோ கோச்சிக்கினு கீதாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. சின்ன பெர்மிஷன் பிரச்சினை."

"யாரு பெர்மிஷன் சார்? சொல்லுங்க, நான் போய் கேக்கறேன்." மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவராம். குரலில் அவசரம் இருந்தது, கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "மயக்க டாக்டரு பாண்டிச்சேரியில இருந்து வராரு. ரெண்டு மணிக்குக் கெளம்பிடுவாராம். உட்டா அடுத்த வாரந்தானாம். போன வாரமும் பிரஷருன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சார். நேத்து ராத்திரியில இருந்து அவ பச்சைத் தண்ணி குடிக்கல. வலி வேற. கொஞ்சம் ஜல்தி பாருங்க."

"பாத்துடறேங்க" என்றேன். அடுத்த கால் மணி நேரத்தில் நான் பார்த்தவை: மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டேன். நின்றிருந்தது மோடம் இல்லை என்று எனக்குத் தெரியும். முகம் கழுவினேன். ஒரு எக்ஸெல் கோப்பைத் திறந்து மூடினேன். முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் திருப்பதியில் வரிசையில் நின்றார், போனை வெளியே ஒப்படைத்திருந்தார். அம்மாவுக்குப் போன் செய்தேன். வளவனூரில் ஒரு வளைகாப்பில் இருந்தார், எடுக்கவில்லை. ஏழு முறை எடுக்கவில்லை. திரும்பி வந்து சாம்பிள் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. குளிர்ச்சியாக இருந்தது.

லேப் டெக்னீஷியன் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக ரத்தத்தைப் பார்ப்பவர். எதற்கும் பதறாதவர்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?"

"இப்ப வேணாம்மா."

"இல்ல சார், மெஷின்லயே அதோட சீட்டு வரும்…"

"அம்மா, இது சாஃப்ட்வேரு. உங்களுக்குப் புரியாது. ஒரு அஞ்சு நிமிஷம் என்னைத் தனியா உடுங்க."

விட்டார். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுப் பத்து நிமிஷம் தனியாக இருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். திண்டிவனத்துக்கே போய், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே நுழைய ஒரு முரட்டு வழி உண்டு. மணி பன்னிரண்டே கால். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் டெக்னீஷியன் அம்மா எதிரே வந்தார், பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டு வந்தவர் போல மூச்சு வாங்கினார். "சார், ஒரு நிமிஷம்" என்றார். நான் நிற்கவில்லை. நின்றால் பேச வேண்டியிருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் தொற்றி ஏறி, கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். எங்கள் ஐஸ் பெட்டி தினமும் வரும் வண்டிகளில் அதுவும் ஒன்று.

"இன்னா சார், நீங்களே வரீங்க? பெட்டி ஒண்ணும் இல்லியா?"

"நான்தான் இன்னைக்கிப் பெட்டி."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது போன் அடித்தது. அம்மா. பின்னால் பெண்களின் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டன.

"இன்னா தம்பி, ஏழு தடவ பண்ணிக்கீற? அவருக்கு ஏதாவதா?"

"அவர் நல்லாருக்காருங்கம்மா. திண்டிவனம் கம்ப்யூட்டர்ல நீங்க திறப்பு விழா அன்னைக்கி ஒரு பாஸ்வேர்டு அடிச்சீங்களே, அது வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். பித்தப்பை, ரெண்டு மணி டாக்டர், எடுபிடி எல்லாம் சொன்னேன். உள்ளே எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கிறது, அவராக நின்று எழுத எடுபிடிக்கு அவர் அனுமதி தர வேண்டும் என்றேன்.

"எல்லாம் என் பேர்லயா இருக்குது?"

"பதினாறும்மா."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"சார் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"அவரு எத சொல்லியிருக்காரு. வானூர்ல ஒரு மனை என் பேர்ல கீதுன்னு எனக்கு வரி நோட்டீஸ் வந்துதான் தெரியும்." பின்னால் கூப்பிட்ட யாருக்கோ 'வரேன்' என்றார். "சரி, நான் மாட்டேன்னா?"

"மாட்டேன்னா, திண்டிவனத்துக்கு ஒரு வரி கூடப் போவாதும்மா."

"என்னைக் கேக்காம?"

"உங்களைக் கேக்காம."

பஸ் மேம்பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்த வயதில் ஒரு மனிதன் எத்தனை விதமாக வேர்க்க முடியும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார் அம்மா. கோபம் மாதிரித் தெரியவில்லை. ஒரு பழைய பெட்டியின் அடியில் எதையோ கண்டெடுத்தவர் குரல் மாதிரி இருந்தது. "அந்தப் பொம்பள சாப்டாம கெடக்கறாளா?"

"தண்ணி கூடக் குடிக்கலியாம்மா."

"இரு, வெளிய வரேன். இங்க எல்லாரும் காதத் தீட்டிக்கினு கீறாங்க." காலடிச் சத்தம். "எழுதிக்கோ. இங்கிலீஷ் எழுத்துல. யாரும் கேக்கல. எடம் உடாம, சின்ன எழுத்துல. கடைசியில ஒண்ணு."

"யாரும் கேக்கல?"

"ஆமா. அன்னைக்கி உக்காந்து பாத்தேன். மனசுல அதான் இருந்துச்சு. அதையே அடிச்சிட்டேன். தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. இனிமே என் பேர்ல எது போட்டாலும் எனக்கு எழுதி வரணும். உள்ள கீறதுக்கும் ஒரு லிஸ்ட்டு வேணும்."

"தரேம்மா."

"அவருக்குச் சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்."

லேப்டாப்பை மடியில் திறந்தேன். சிக்னல் இல்லை. விக்கிரவாண்டி தாண்டியும் ஒரு கோடுதான் தெரிந்தது, அதுவும் என்னைப் பார்த்ததும் மறைந்தது. பக்கத்து சீட்டில் கீரைக்கட்டு வைத்திருந்த ஒருவர், நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதைப் பார்த்து, "உழுந்துடப் போவுது சார்" என்றார். அவரிடமே கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அக்கறையாகப் பிடித்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் வண்டி நின்றபோது மூன்று கோடுகள் வந்தன.

"கொஞ்சம் நேரம் நிக்குமா?" என்றேன் கண்டக்டரிடம்.

"மயிலம் போறவங்க எறங்கற வரைக்கும்."

யாரும்கேக்கல ஒன்று என்று அடித்தேன். உள்ளே விட்டது. அம்மாவாக நின்று, எடுபிடிக்கு அனுமதி என்று அந்த ஒரு வரியை எழுதினேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. ஐந்து நொடிக்கு ஒரு முறை காலையிலிருந்து சலிக்காமல் முயன்றுகொண்டிருந்த எடுபிடி, அடுத்த முறை முயன்றது. உள்ளே போனது. தேங்கியிருந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. ஒன்றும் தொலையவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

கவுன்டர் பெண்ணுக்குப் போன் செய்து, "பிரிண்ட் போடும்மா" என்றேன். மிகவும் சாதாரணக் குரலில் சொன்னேன். கீரைக்கட்டுக்காரர் மட்டும் வேர்வை துடைக்கத் தன் துண்டை நீட்டினார்.

"பேஜாரு ஒண்ணுமில்லியே சார்?"

"ரொட்டீன் வேலைங்க."

திண்டிவனத்தில் ஒன்றரை மணிக்கு இறங்கினேன். இறங்கும்போது கண்டக்டர் டிக்கெட் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்க லேப்பு கவரு சார். எப்படியும் அங்கதானே போறீங்க."

"இது எப்பக் குடுத்தாங்க?"

"நீங்க ஏறறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால. அந்த மேடம் ஓடியாந்து குடுத்தாங்க. ஏறினதுமே சொல்லலாம்னு பாத்தேன், நீங்க போன்லயே கீறீங்க."

கவருக்குள் ரிசல்ட் இருந்தது. மெஷினின் சீட்டைப் பார்த்து லெட்டர்ஹெட்டில் கையால் எழுதி, கீழே எங்கள் லேப் டாக்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். பச்சை மை இன்னும் சரியாகக் காயாமல் மடிப்பில் ஒட்டியிருந்தது. நாற்பது கிலோமீட்டர் அது என் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

கிளைக்கு ஓடினேன். அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். வேட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது. நான் கவரை நீட்டினேன். அவர் இரண்டு தாளையும் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். பெயர், வயது, ஒரு எண், இன்னொரு எண். நான் ரெப்ளிகேஷன் செய்த இத்தனை காலத்தில் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று அவ்வளவு கவனமாக யாரும் சரிபார்த்ததில்லை. நான் உட்பட.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றார்.

பிறகு பச்சை மைத் தாளை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அச்சடித்ததை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இது உங்களுக்குத் தேவப்படும் சார்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மணி ஒன்று நாற்பது.

மயக்க டாக்டர் காத்திருந்தார். அன்றே ஆபரேஷன் முடிந்தது. அடுத்த வாரம் தையல் பிரிக்க வந்தபோது செம்மண் வேட்டிக்காரரின் மனைவி கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து கவுன்டரில் காட்டினாராம். மல்லாட்டைப் பருப்பு அளவு இருந்தது என்று கவுன்டர் பெண் சொன்னார்.

டெக்னீஷியன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாஃப்ட்வேரு சார், எனக்குப் புரியாது" என்றார். அதற்குப் பிறகு என்னை எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்.

முதலாளி லட்டோடு வந்தார். "எல்லாம் ஓடுதா?" என்றார். ஓடுது சார் என்றேன். அதற்குள் அம்மாவுக்கு லிஸ்ட் போய்ச் சேர்ந்திருந்தது. பதினாறு பதிவேடுகள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, யார் யார் தொடலாம், அவராக நிற்க யாருக்கு அனுமதி. கடைசி வரியில் எடுபிடியின் பெயர் இருந்தது. அம்மா போன் செய்தார்.

"இந்த எடுபிடி யாரு? ஆளா?"

"ஆள் இல்லம்மா, லாகின். ஆனா அதை வச்சி வேலை செய்யிறது நான்தான்."

"அப்ப உன் பேரையே எழுது. நாளைக்கி ஏதாவது ஆச்சின்னா யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்குத் தெரிய வேணாவா?"

எழுதினேன். பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டார். இந்த முறை திண்டிவனத்துக்கு அவரே வந்து உட்கார்ந்து அடித்தார், முன்னைவிட நீளமாக. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.